காலைத் தண்ணியும் மத்தியானத் தண்ணியும்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலையில் சேர்ந்தவர்கள். பேனா மாதிரி ஒரு கருவி கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் தெரிகிறது. எங்கள் வீட்டுக் குடத்திலேயே முக்கிக் காட்டினார்கள். அந்த எண் நல்லதா கெட்டதா என்று என் மனைவி கேட்டாள். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள்.

அவர்கள் இப்போது ஒரு ஆய்வு நடத்துகிறார்கள். மழை முன்பு போல இல்லை, கடல்நீர் உள்ளே வருகிறது, சிறு விவசாயிகள் இதற்கெல்லாம் எப்படி ஈடுகொடுக்கிறார்கள், அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறார்களாம். "உங்க காலத்துல இந்தப் பேச்செல்லாம் இருந்திருக்காதே சார்" என்றாள் அந்தப் பெண்.

பேச்சு இல்லைதான். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. அதைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

நான் படித்து வந்த கதையில் நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் படித்தேன், மெட்ராஸ் வந்தேன், திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன். மந்தைவெளியில் ஓர் அறக்கட்டளை மண்ணும் நீரும் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்றை மாடியில் நடத்திவந்தது. கீழே தையல்கடை. அங்கே வேலை கிடைத்தது. அப்பா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா கீதான்னு பாக்குறதுக்கா சம்பளம் தர்றாங்க? குடிச்சிப் பாத்தா தெரியாதா?" என்று கேட்டார். நான் நிறைய விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, சம்பளம் மாதா மாதம் சரியாக வருகிறதா என்று மட்டும் மறுபடி கேட்டார்.

குடித்துப் பார்ப்பதற்குப் பதிலாக நாங்கள் செய்தது இது. தண்ணீரில் கொஞ்சத்தை அளந்து கூம்புக் குடுவையில் விட வேண்டும். பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். குடுவையை வெள்ளை ஓட்டின் மேல் வைத்துக்கொண்டு, மேலே பியூரெட் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றும். குடுவையைச் சுழற்றினால் மறையும். மறையாமல் அந்தச் செங்கல் நிறம் லேசாகத் தங்கிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு கரைசல் இறங்கியிருக்கிறதோ அதற்கேற்ற உப்பு. முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கணக்குத் தப்பு. சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப்போகும், சோப்புப் போட்டாலும் போகாது. மேன்ஷனில் என்னை 'மச்சி, சாயப்பட்டறை' என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் தலைமை, வைதேகி மேடம். மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவை, தடித்த கண்ணாடி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டுவருகிற எவரிடமும் மூன்று கேள்வி கேட்பார். யார் எடுத்தா? எப்போ எடுத்தா? எதுல எடுத்தா? பதிலைக் குறித்துக்கொண்டுதான் பாட்டிலைத் தொடுவார். முடிவு சொல்லும்போது, "உங்க கிணத்துத் தண்ணி நல்லா இருக்கு" என்று சொல்லவே மாட்டார். "இந்தப் புட்டியில இருக்கற தண்ணி நல்லா இருக்கு" என்பார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். கிணற்றை நான் பார்க்கவில்லை, புட்டியைத்தான் பார்த்தேன் என்பது அவர் கட்சி.

திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரமாக அப்போது துண்டு துண்டாக விவசாயம் இருந்தது. மணல் பூமி, கிணற்றுத் தண்ணீர். மழை அடுத்தடுத்துத் தவறிய வருஷங்கள் அவை. பட்டணத்தில் குழாய் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருத்தெருவாகக் குடம் வரிசை கட்டியது. அந்த லாரிகள் நிரம்பியது இந்தக் கிணறுகளில்தான்.

அங்கேயிருந்து முனுசாமி என்று ஒருவர் எங்கள் பாட்டிலில் தண்ணீர் எடுத்துவந்தார். சோதித்தோம். அருமையான தண்ணீர். அப்படியே எழுதிக் கொடுத்தோம். லாரி காண்டிராக்டரிடம் காட்டத்தான் அந்தப் பேப்பர் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து, காலி கீரைக்கூடையோடு ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். நடுத்தர வயது. வந்ததும் வராததுமாக, "இன்னாது இது, படியா ஏணியா? தண்ணி பாக்குறது இங்கதானா தம்பி?" என்று கேட்டார்.

"இங்கதான். கிணறு யாருதுங்க?"

"என் வூட்டுக்காரு முனுசாமிது. அவருக்கு ஒரு பேப்பர் குடுத்தியே, தண்ணி நல்லா கீதுன்னு? அத்த திருப்பி வாங்கிக்கோ. தப்பு பேப்பரு."

கன்னியம்மா அவர் பெயர். கூடைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுருட்டிய அரைக்கீரைக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இலை ஓரமெல்லாம் அடுப்பில் காட்டியது போலத் தீய்ந்திருந்தது.

"இத்த எவ வாங்குவா? நேத்து மைலாப்பூர்ல ஒரு மாமி, 'இன்னாடி, வதக்கியே கொண்டாந்துட்டியா'ன்னு கேக்குது. என் வூட்டுக்காரு இன்னாடான்னா, பேப்பர்ல தண்ணி நல்லா கீதுன்னு போட்டு கீது, உன் கைதான் ஆவாத கை, யூரியாவ வாரிக் கொட்டிட்டேன்றாரு. கீரைதான் வரலியே, பாத்திய மூடிட்டு ஜல்லி கொட்டி லாரி நிக்க எடம் பண்ணப் போறாராம்."

மேடம் உள்ளறையிலிருந்து வந்தார். கீரையைப் பார்த்தார். "தண்ணி எடுத்துண்டு வந்திருக்கியா? எதுல எடுத்தே?"

கன்னியம்மா மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஊறுகாய் பாட்டில். மூடியில் இன்னும் எண்ணெய் பளபளத்தது.

"இதுல உப்பு இருந்தா அது கிணத்து உப்பா, மாங்கா உப்பான்னு நான் எப்படிச் சொல்றது? இதை நான் பாக்க முடியாதும்மா."

"சோடா போட்டு கழுவிக்கினு வந்தேன்மா."

"முடியாது."

"அப்போ என் கீரைகூட ஊறுகா துன்னுட்டுதான் இப்படி கீதா?"

தையல்கடைக்காரர் வரைக்கும் கேட்டிருக்கும். மேடம் முகத்தில் மாற்றம் இல்லை. "ஏழுமலை, நீயே போய் எடுத்துண்டு வா. நம்ம புட்டில" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை போனேன். கிணற்றடியில் லாரி நின்றது. முனுசாமி இடுப்பு அரைஞாணில் கோத்த சாவியால் மோட்டார் ரூமைத் திறந்தார். கிணற்றில் தேங்கிய தண்ணீரை எடுக்கக் கூடாது, மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு ஊற்றுத் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அப்படியே செய்தேன்.

"தேங்காத் தண்ணி மாதிரி கீது, குடிச்சிப் பாரு நைனா. அவ பேச்ச கேட்டுகினு இம்மாந்தூரம் வந்திருக்கியே" என்றார் முனுசாமி. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்ட நிலம் அது, மழையை நம்பிப் போட்டு வரிசையாக நஷ்டம் என்றார். லாரி மழையைப் பார்ப்பதில்லை என்றார். கன்னியம்மா அங்கே இல்லை. காலையில் அவர் மந்தைவெளியில் கீரை விற்றுக்கொண்டிருப்பார்.

கூடத்துக்கு வந்து சோதித்தேன். முனுசாமி கொண்டுவந்த தண்ணீர் எப்படியோ அப்படியேதான் இருந்தது. "இந்தப் புட்டித் தண்ணியும் நல்லாத்தான் இருக்கு" என்றார் மேடம்.

இதைக் கன்னியம்மாவிடம் சொல்லவேண்டியது என் தலையில் விழுந்தது. கீரை விற்று முடித்துவிட்டு வந்தவர், கேட்டுவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த லாரி கிளீனரு எத்தயோ கெணத்துல கலக்குறான் தம்பி. எனக்கு அவன் மேலதான் டவுட்டு" என்றார். மோட்டார் எண்ணெயோ, பேட்டரி ஆசிட்டோ என்று அவருக்கு ஒரு எண்ணம். கிணற்றில் அப்படி எதுவும் கலந்த அடையாளம் இல்லை என்றேன். "அப்போ ஒண்ணு பண்ணு. உங்க பாட்டிலு ஒண்ணு குடு. நானே புடிச்சிக்கினு வர்றேன். பாத்திய மூடுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், என் கைதான் ஆவாத கையான்னு."

மேடம் பாட்டில் கொடுத்தார். கொடுக்கும்போது முறையையும் சொன்னார். அதே தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும், கழுத்துவரை நிரப்ப வேண்டும், உள்ளே காற்று நிற்கக் கூடாது, மூடியை உள்பக்கம் தொடக் கூடாது. படி இறங்கும்போது கன்னியம்மா என்னிடம், "பச்ச கொழந்தைய குளிப்பாட்டுற மாதிரி சொல்லுது உங்கம்மா" என்றார். என் விரல்களைப் பார்த்துவிட்டு, "உன்ன யாரும் குளிப்பாட்டல போல கீது" என்றும் சொன்னார்.

அடுத்த நாள் பாட்டில் வந்தது. அவரைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டுச் சோதனையைத் தொடங்கினேன். சொட்டு விழுந்தது, கீற்று மறைந்தது. மறைந்துகொண்டே இருந்தது. பியூரெட் காலியாகி மறுபடி நிரப்பினேன். என் கையில்தான் ஏதோ பிசகு என்று குடுவையைக் கழுவி முதலிலிருந்து செய்தேன். அதேதான். மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே நின்று செய்தார். வேகமாகத் திறக்கவில்லை, ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றினார். செங்கல் நிறம் தங்கியபோது, கரைசல் நான் பார்த்த அளவிலேயே அவருக்கும் நின்றிருந்தது.

நேரே படிக்கு வந்தார். "யார் எடுத்தா?"

"நான்தான்."

"எதுல?"

"நீ குடுத்தியே, அதுல."

"எப்போ எடுத்தே?"

"நேத்து."

எல்லோரிடமும் அத்தோடு நின்றுவிடும் கேள்வி அது. தேதியை எழுதிக்கொள்வோம், முடிந்தது. அன்று மேடம் நிற்கவில்லை. தன் கையாலேயே செய்து பார்த்த முடிவு என்பதால் இருக்கலாம்.

"நேத்து எப்போ?"

"வித்துட்டு வூட்டுக்குப் போயி, சோறு துன்னுட்டு, பாத்திக்கு மோட்டார் வுட்டப்போ."

"காலம்பற ஏன் விடலை?"

"காலைல நான் இங்க வித்துக்கினு கீறேன்மா. மோட்டார் அங்க லாரிக்கு ஓடிக்கினு கீது. லாரியெல்லாம் ரொம்பிப் போனாத்தானே எனக்கு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "ஏழுமலை, நாம மணி எழுதறோமா?"

"இல்ல மேடம். தேதி மட்டுந்தான்."

அதன் பிறகு அவர் செய்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. மறுநாள் விடியற்காலையிலேயே ஆட்டோ பிடித்து, குடையும் மோர் பாட்டிலுமாகக் கிணற்றடிக்கே வந்தார். பகல் முழுக்க உட்கார்ந்தோம். முதல் லாரிக்கு முன்னால் ஒரு பாட்டில், பிறகு ஒவ்வொரு லாரி நிரம்பிய பிறகும் ஒன்று. கடைசியாகக் கன்னியம்மாவின் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒன்று. "இன்னா சார், கல்யாண வூட்டு கலர் சோடா கணக்கா அடுக்கிக்கினே போறியே!" என்றார் முனுசாமி. ஒவ்வொரு பாட்டிலிலும் மேடம் மணி எழுதினார்.

மறுநாள் மேஜைமேல் குடுவைகளை வரிசையாக வைத்துச் சோதித்தோம். முதல் குடுவை சீக்கிரமே நிறம் பிடித்தது. அடுத்தது கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி. மத்தியானத்துக்குப் பிறகு எடுத்தவை பியூரெட்டைக் காலி செய்தன. எவரும் எதையும் கலக்கவில்லை. கடலோர மணலில் மழைத் தண்ணீர் மேலே மிதக்கிறது, உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் கிடக்கிறது. நிதானமாக இறைத்தால் மேல் தண்ணீர் வரும். விடாமல் உறிஞ்சினால் அடித் தண்ணீர் எழும்பி வரும். ராத்திரி மோட்டார் ஓய்ந்தால் மறுபடி இறங்கும். நல்ல மழை பெய்த காலத்தில் மேல் தண்ணீர் தடிமனாக இருந்ததால் யாருக்கும் இது தெரியவரவில்லை. மழை தவறத் தவற அது மெலிந்துவிட்டது.

மழை தவறியதற்கு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள் என்பதை அப்போதுதான் யோசித்தேன். முனுசாமி பயிரை விட்டுத் தண்ணீரை விற்றார். கன்னியம்மா ஒரு பெரிய மழையை நம்பாமல், சில வாரத்தில் அறுத்து விற்கிற கீரைக்கு மாறினார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே புத்திசாலித்தனம். ஆனால் கிணறு ஒன்று, அதில் முதலில் இறைக்கிற உரிமை லாரிக்கு. தண்ணீர் நல்லது என்று நாங்கள் கொடுத்த பேப்பர் காலையில் மோட்டார் வைத்திருந்தவருக்குச் சரி. மத்தியானம் மோட்டார் கிடைத்தவருக்கு அது வேறு தண்ணீர்.

இருவரையும் கூடத்துக்கு வரச் சொன்னோம். மேடம் குடுவைகளைக் காட்டிச் சொன்னார். முனுசாமி பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. தண்ணி நல்ல தண்ணியா இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு."

"இந்தப் புட்டித் தண்ணி நல்லது. இந்தப் புட்டித் தண்ணி கீரைக்கு ஆகாது."

"ரெண்டும் ஒரே கெணறும்மா!"

"கிணத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை."

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சரி, இப்போ நான் இன்னா பண்ணணும்?"

"அது என் வேலை இல்லை. உங்காத்துல நீங்க பேசிக்கோங்கோ."

"நான் சொல்றேன்" என்றார் கன்னியம்மா. "விடியறதுக்கு முன்னாடி பாத்திக்கு வுட்டுடு. அப்பால உன் லாரி ரெண்டு. அப்பால மோட்டார நிறுத்திக் கெணத்துக்கு ரெஸ்டு குடு. அப்பால மிச்ச லாரி."

"கீரைக்கு மொதல்ல ஆரத்தி எடுத்துட்டு லாரிக்காரன வெளில நிக்க வெக்கணுமா? அவன் அடுத்த கெணத்துக்குப் போயிக்கினே இருப்பான்."

"போன வாரம் சாயங்கால லாரிய மைலாப்பூர்ல திருப்பி அனுப்பிச்சாங்களே, அது இன்னாத்துக்கு? அம்மா முன்னாடி சொல்லேன்."

முனுசாமி ஜன்னலைப் பார்த்தார்.

"எங்காத்துலயும் கொஞ்ச நாளா பருப்பு வேகலை" என்றார் மேடம், யாரிடமும் சொல்லாதது போல. சொல்லிவிட்டுக் குடுவைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதுப் பேப்பரில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் மணி இருந்தது. எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் மத்தியானத் தண்ணீருக்குக் கன்னியம்மாள் என்று இருந்தது. முனுசாமி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஜல்லி லோடு சொல்லியாச்சு. வந்துரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கன்னியம்மா கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முதல் எங்கள் கூடத்தில் மணி எழுதாத பாட்டிலை வாங்குவதில்லை என்று ஆயிற்று. தண்ணீர் கொண்டுவருகிறவர்களிடம், அந்தக் கிணற்றில் வேறு யார் எந்த நேரத்தில் இறைக்கிறார்கள் என்றும் கேட்கத் தொடங்கினோம். பல வீடுகளில் அதே பதில்தான் வந்தது: முதலில் ஆண்கள், மிச்சத்தில் பெண்கள். அந்த ஆய்வில் என் அனுபவம் ஏதாவது உதவுமா என்று கேட்ட இளைஞர்களுக்கு இந்த ஒரு கேள்வியைத்தான் கொடுத்தேன்.

கிணறு பிற்பாடு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களில் அந்தப் பகுதி முழுக்க விடியற்காலையிலேயே உப்புத் தட்டியது. நிலம் வீட்டு மனையானது. ஆகையால் இதை வெற்றிக்கதையாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அதற்கு முன், அந்தப் பேப்பர் கொடுத்துச் சில வாரங்கள் ஆனபோது, மறுசோதனைக்காக நான் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் நடந்தேன். ரோட்டோரமாக ஜல்லி குவியலாகக் கொட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. பாத்தி போயிற்று என்றே நினைத்துக்கொண்டேன். குவியலைச் சுற்றிப் போனால், ஒரு லாரி சும்மா நின்றது. டிரைவர் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லாரிக்கு அந்தப் பக்கம் அரைக்கீரை, ஈரம் காயாமல், ஓரம் தீயாமல் இருந்தது.

முனுசாமி தென்னை நிழலில் குந்தியிருந்தார்.

"மோட்டார் விடணுங்க. ரூமைத் திறந்து குடுங்க" என்றேன்.

பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது. அரைஞாணைத் தடவிவிட்டு வெறுமனே திரும்பியது.

"சாவி அவகிட்ட கீது. நாள் பூரா ஆன் பண்ணி ஆஃப் பண்ணிக்கினு யாரு நிக்கிறது? காலைல பாத்திக்கு வுட்டுட்டு, ரெண்டு லாரிய ரொப்பிட்டு, பூட்டிக்கினு மந்தவெளிக்குப் போயிடுறா. அவ வர்ற வரைக்கும் கெணறு தூங்கணுமாம்." பக்கத்து மணலைக் கையால் தட்டிக் காட்டினார். "லாரிக்காரனே குந்திக்கினு கீறான். நீயும் குந்து நைனா."